அழிக்க விடாத செயலிகள்

எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் மட்டக்களப்பில் போன் திருத்தும் கடைகளில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: “மனே, போன் நிறைஞ்சி போச்சி, ஒரு படமும் எடுக்க ஏலாமக் கிடக்கு.”

வாட்ஸ்அப்பில் குவிந்த காணொளிகளை அழித்தாலே பாதி இடம் கிடைத்துவிடும். பிரச்சினை மீதியில்தான். விலை குறைந்த போன்களில் விளையாட்டு, கடன் விளம்பரம், இரண்டாவது பிரவுசர் என்று வாங்கியவர் கேட்காத செயலிகள் ஏற்கெனவே குந்தியிருக்கும். அவற்றில் சிலவற்றை விரலால் அழுத்திப் பிடித்தால் ‘நிறுவல் நீக்கு’ வராது. ‘முடக்கு’ மட்டுமே வரும். முடக்கினால் செயலி ஓடாது, டேட்டாவும் குடிக்காது. ஆனால் தொழிற்சாலையில் ஏற்றிய மூலப்பிரதி அப்படியே இடத்தைப் பிடித்திருக்கும். காசு கொடுத்தவருக்கே அதிகாரமில்லை என்பது நல்ல வியாபாரந்தான்!

இத்தகைய செயலிகளை அழிக்க விடவேண்டும் என்று தென்கொரியா 2014 இலேயே வழிகாட்டல் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, 2024 மார்ச் முதல் அப்பிளும் கூகுளும் முன்கூட்டியே ஏற்றிய செயலிகளை நீக்க வழிவிட வேண்டும்.

இந்தியாவில் நடந்தது வேறு. 2025 நவம்பரில் ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரச செயலியை எல்லாப் புதிய போன்களிலும் கட்டாயம் ஏற்றச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. எதிர்ப்புக் கிளம்ப, டிசம்பர் 3 ஆம் திகதி அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது.

இலங்கையில் விற்கும் போன்களுக்கு அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. வாங்கியவர் வேண்டாம் என்றால் அழிக்க முடிய வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை அது அந்த அனுமதியில் சேர்க்கட்டும்.