மூன்றாவது கல்லூரியில் அடித்த ஜாக்பாட்!

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். டெக்சாஸைச் சேர்ந்த கேம் வார்டின் பள்ளி அணியோ, பந்தை வீசுவதைவிட எடுத்துக்கொண்டு ஓடுவதையே நம்பியது. திறமை வெளியே தெரியவில்லை. ஸ்காலர்ஷிப்போடு அழைத்தது, இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலைக்கழகம் மட்டும்தான்.

கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். இதில் ரிஸ்க்கும் உண்டு. பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடலாம். புதிய கல்லூரி அழைக்காமலே போகலாம்.

வார்டு துணிந்தார். 2022-ல் வாஷிங்டன் ஸ்டேட், 2024-ல் மயாமி. அங்கே ஒரே சீசனில் 39 டச்டவுன் பாஸ்கள்! 2025 என்.எஃப்.எல் டிராஃப்ட்டில் டென்னசி டைட்டன்ஸ் முதல் ஆளாக எடுத்தது அவரைத்தான்.

பெயர் கொடுக்கும் எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. ஆனால், பள்ளியோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது.