மூன்று மாத கராத்தே, கரோல் பாக் சந்தில் கைகொடுக்குமா?

டெல்லி கரோல் பாக் மெட்ரோவில் இறங்கி, அஜ்மல் கான் சாலைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் காட்சியே மாறிவிடும். இருட்டு, வரிசையாக ஸ்கூட்டர்கள், செங்குத்தான மாடிப்படி. பக்கத்து ராஜிந்தர் நகரில் யுபிஎஸ்சி பயிற்சிக்கு வரும் தமிழ்நாட்டு மாணவிகள் பலரும் இரவில் அறைக்குத் திரும்பும் வழி இப்படித்தான் இருக்கும். "எதுக்கும் கராத்தே கத்துக்கம்மா" என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். கற்றது இங்கே உதவுமா?

எப்படிக் கற்றோம் என்பதைப் பொறுத்தது. வகுப்பில் எதிரே நிற்பவர் எப்போது, எங்கே குத்துவார் என்று முன்பே தெரியும். நாம் தடுத்ததும் அவர் நின்றுவிடுவார். தெருவில் துப்பட்டாவைப் பின்னாலிருந்து இழுப்பார்கள். தோளில் பை கனக்கும். கை கால் உறைந்துபோகலாம். உறைந்துபோவது கோழைத்தனமில்லை, உடம்பின் இயல்பு. அதனால்தான் நிஜத்துக்கு நெருக்கமான பயிற்சி என்றால், அன்றாட உடையில், பையோடு, விடாமல் பிடித்து இழுக்கும் ஆளிடமிருந்து உதறிக்கொண்டு ஓடிப் பழகுவது. ஜெயிப்பதல்ல, தப்பிப்பதுதான் இலக்கு. கத்தவும் பழக வேண்டும். "காப்பாத்துங்க" என்றால் கரோல் பாக்கில் யாருக்குப் புரியும்? "பச்சாவ்" என்ற சொல் பதற்றத்திலும் தானாக வாயில் வர வேண்டும்.

டெல்லி காவல்துறை பெண்களுக்கு இலவசத் தற்காப்புப் பயிற்சி தருகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதப் பயிற்சியும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி, பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் தெரிந்தவர். உறவினர், நண்பர், அக்கம்பக்கத்தவர். அவரை நோக்கிக் காலைத் தூக்க மனசு வருமா? "விடுங்க அங்கிள்" என்று மரியாதையாகச் சொல்லத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

இந்தத் தயக்கத்தை உடைக்கவும் பயிற்சி தரலாம். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் 893 மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. தெரிந்தவரிடம் வரும் ஆபத்தை முன்கூட்டியே உணர்வது, அழுத்தமாக மறுப்பது, தேவைப்பட்டால் அடிப்பது என 12 மணி நேரப் பயிற்சி. ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 5.2%, வெறும் துண்டுப் பிரசுரம் வாங்கியவர்களில் 9.8%. வெறும் 12 மணி நேரம்!

திருப்பி அடித்தால் நம்மேல் கேஸ் வருமா என்ற பயமும் பலருக்கு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. வன்புணர்வு, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிர் போனாலும் 38-வது பிரிவு பாதுகாக்கும். ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. அவர் சுருண்டு விழுந்து ஆபத்து நீங்கிய பிறகும் மிதித்தால் அது தற்காப்பில் வராது. அந்த நேரத்தில் ஓடிப்போய் 112-ஐ அழைக்கலாம்.