மீல் மேக்கர் மீது சுமத்தப்படும் பழி

“மீல் மேக்கர் வேண்டாம்ப்பா, அதில் பெண் ஹார்மோன் இருக்கு.” ஜிம்மில் தொடங்கிய இந்த எச்சரிக்கை இன்று வீட்டுச் சமையலறைவரை வந்துவிட்டது. மார்பு பெருக்கும், ஆண்மை குறையும் என்று பயந்து இளைஞர்கள் அதை ஒதுக்குகிறார்கள். சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்யப்படும் இந்த உருண்டையின் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். கறியும் மீனும் தினமும் வாங்க முடியாத குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். அதனால்தான் இந்தப் பயத்தைக் கேள்வி கேட்காமல் விட முடியாது.

சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது என்பது முதல் கூற்று. அப்படி எதுவும் இல்லை. இருப்பவை ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் போன்ற ஐசோஃபிளேவோன்கள். ஈஸ்ட்ரடயால் ஒரு ஸ்டீராய்டு; ஜெனிஸ்டீன் ஸ்டீராய்டே அல்ல. ஆனால் மூலக்கூறின் வடிவத்தில் ஒற்றுமை உண்டு. ஆகவே உயிரணுவில் ஈஸ்ட்ரோஜனுக்காக இருக்கும் ஏற்பியின் குழிக்குள் அதனால் நுழைய முடிகிறது. பயத்துக்கு ஆதாரமான உண்மை இவ்வளவுதான்.

நுழைந்துவிட்டால் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத்தானே செய்யும் என்பது அடுத்த வாதம். பிழை முழுவதும் இங்கேதான். பூட்டுக்குள் சாவி போவதாலேயே கதவு திறந்துவிடாது. ஈஸ்ட்ரடயால் வந்து அமர்ந்ததும் ஏற்பியின் ஒரு சுருள்பகுதி மடங்கிக் குழியை மூடுகிறது. அந்த மடிப்பில்தான் மரபணுக்களை இயக்கும் துணைப் புரதங்கள் வந்து ஒட்டும். வேறொரு மூலக்கூறு அமர்ந்தால் சுருள் வேறு இடத்தில் நிற்கலாம், துணைப் புரதத்துக்கு இடமே இல்லாமல் போகலாம்.

இதற்கு டமாக்சிஃபென் என்ற மருந்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1962-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் கருத்தடை மருந்தைத் தேடும் வேலையில் உருவானது அது. அந்த வேலைக்கு உதவவில்லை; பெண்களில் கருமுட்டை வெளியேறுவதைத் தூண்டவே செய்தது. ஆனால் மார்பக உயிரணுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, ஹார்மோனை வேலை செய்ய விடாமல் தடுத்தது. 1977-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்று, இன்றுவரை எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்து வருகிறது. அதே மாத்திரை கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. அங்கே புற்றுநோய் வாய்ப்பைச் சற்றுக் கூட்டவும் செய்கிறது. ஒரே மருந்து ஓர் உறுப்பில் தடை, இன்னோர் உறுப்பில் தூண்டல். எந்தத் திசுவில் எந்தத் துணைப் புரதங்கள் உள்ளன என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

ஏற்பியும் ஒன்றல்ல. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 1996-இல் இரண்டாவது வகையைக் கண்டறிந்தார்கள். அது பீட்டா, பழையது ஆல்ஃபா. மார்பகத் திசுவை வளரத் தூண்டுவதில் ஆல்ஃபாவுக்கே முதலிடம். ஜெனிஸ்டீனோ பீட்டாவைத்தான் பல மடங்கு இறுகப் பற்றுகிறது. 1999-இல் வெளியான படிக ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பீட்டாவுக்குள் ஜெனிஸ்டீன் அமர்ந்திருக்கும்போது அந்தச் சுருள், முழுத் தூண்டலுக்குரிய இடத்தில் நிற்கவில்லை.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது? ஆண்களிடம் நடந்த 41 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான பகுப்பாய்வு, சோயாவாலோ ஐசோஃபிளேவோனாலோ டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் மாறவில்லை என்று கண்டது.

பயமுறுத்துவோர் கையில் இரண்டு உதாரணங்கள் உண்டு, இரண்டும் உண்மை. 2008-இல் பதிவான 60 வயது அமெரிக்கர் ஒருவருக்கு மார்பு வீங்கி வலித்தது. அவர் தினமும் குடித்தது ஏறக்குறைய 3 லிட்டர் சோயாப் பால். நிறுத்தியதும் வலி தீர்ந்தது. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் தீவனத்தை மட்டுமே நம்பி மேய்ந்த ஆடுகள் மலடாயின. செடியில் இருந்த ஐசோஃபிளேவோனை ஆட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் ஈக்வால் என்ற வீரியமான பொருளாக மாற்றியதே காரணம். நாள் முழுக்க அதையே மேயும் ஆட்டையும், வாரத்தில் சில நாள் குருமாவில் ஒரு கைப்பிடி போடும் மனிதரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயாவைத் தொடவே கூடாது என்பதும் பரவலான அறிவுரை. ஷாங்காயில் அந்நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. சோயா உணவு அதிகம் உண்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடாதே என்பதற்கு இது இடம் தரவில்லை. செறிவூட்டிய ஐசோஃபிளேவோன் மாத்திரைகளின் கதை வேறு, அவற்றுக்கு மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

“எதற்கு வம்பு, விட்டுவிடலாமே” என்பார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது: சோயா மீது பழி விழும்போது உண்மையான காரணம் தப்பித்துவிடுகிறது. இதயச் செயலிழப்புக்கும் கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோப்பதற்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், ஆல்டோஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்க வந்த மருந்து. கூடவே ஆண் ஹார்மோன் ஏற்பியையும் அடைக்கிறது. 1999-இல் வெளியான பெரிய இதய ஆய்வில் அதை உட்கொண்ட ஆண்களில் 10 சதவீதத்தினருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 1 சதவீதம்தான். தசை வளர்க்க ஜிம்களில் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ, உடம்பிலேயே அரோமட்டேஸ் நொதியால் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. மீல் மேக்கரை ஒதுக்கிவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளும் இளைஞருக்கு மார்பு பெருத்தால், எது காரணம் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

சோயா விஷயத்தில் உண்மையில் கவனிக்க வேண்டிய ஒன்று தைராய்டு மாத்திரை. குடலில் தைராக்சின் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சோயா உணவைச் சில மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் போதும்.