முதலில் அமர்ந்து கணக்கிடுவோம்

இவ்வாரச் சிந்தனைக்கு: லூக்கா 14:28-32



கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கி, அதை முடிக்க இயலாமற் போன ஒருவரைப் பற்றி நம் ஆண்டவர் பேசுகின்றார். அத்திவாரம் இட்டாயிற்று, கையிலிருந்த பணமும் தீர்ந்தாயிற்று, வழியே செல்வோர் பார்த்து நகைக்கின்றார்கள். தம்மைப் பின்செல்வதற்கு எத்தகைய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சீடர்கள் உணரவேண்டும் என்பதற்காகவே இயேசு இதனைக் கூறினார். ஆயினும், இல்லத்துச் செலவு வரவின் துன்பத்தை அறிந்த ஒருவரின் குரலும் அதில் கேட்கின்றது. நாசரேத்தூர்த் தச்சரின் வீட்டிலும் கணக்குப் பார்த்தே உலை வைத்திருப்பார்கள் அல்லவா?

இன்று நம் குடும்பங்கள் பலவற்றின் முற்றத்தில் அத்தகைய முடிவுறாத கோபுரம் ஒன்று நிற்கின்றது. அது, இருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கிய பாவித்த கார். இம்மாதம் கிளட்ச், அடுத்த மாதம் ரேடியேற்றர், அதற்கடுத்த மாதம் பெயர் தெரியாத ஏதோவொரு பாகம் எனச் செலவு தொடர்கின்றது. கராஜிலிருந்து வீட்டுக்கு வந்த கார், ஒரு வாரம் ஓடி மீண்டும் கராஜுக்கே திரும்புகின்றது. இது ஆன்மீகப் பக்கத்தில் எழுதவேண்டிய விடயமா என்று சிலர் வினவக்கூடும். எதற்காக ஒரு வீட்டில் நகை அடகு வைக்கப்படுகின்றதோ, எதை முன்னிட்டுக் கணவனும் மனைவியும் இரவில் முகம் திருப்பிப் படுக்கின்றார்களோ, அது நிச்சயமாக ஆன்மீகத்திற்குரிய விடயமே.

இந்நிலைக்கு வந்தவர்களை ஆடம்பரப் பிரியர்கள் என எளிதில் பழித்துவிடலாகாது. அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்வதற்கு 2025 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஏற்கனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விற்பனையாகின. புதிதாக வாங்கிய விலையைவிடப் பழையதற்கு அதிக விலை கேட்கப்பட்ட விந்தையையும் கண்டோம். 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகங்களின் விலையும் அதனுடன் ஏறியது. தாயைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளை மழையில் நனையாது பாடசாலைக்கு அனுப்பவும், குடும்பமாக ஞாயிறு திருப்பலிக்குச் செல்லவும் விரும்பியவர்கள், கைக்கெட்டிய விலையில் கிடைத்ததை வாங்கினார்கள். அவர்களது நோக்கம் நல்லதே.

ஆயினும், நல்ல நோக்கம் இயந்திரத்தின் வயதைக் குறைப்பதில்லை. ஹைபிரிட் கார்களின் பெரிய பற்றரியை எடுத்துக்கொள்வோம். அது பல சிறு கலங்களின் தொகுதி. அவற்றுள் ஒன்று செயலிழந்து அதனை மட்டும் மாற்றினால், அதே வயதுடைய மற்றொன்று சில மாதங்களில் தளர்ந்துவிடக்கூடும். ரேடியேற்றரில் நீர் கசிவதைப் பொருட்படுத்தாமல் ஓடினால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, சில ஆயிரங்களில் முடியவேண்டிய வேலை இலட்சங்களில் முடிகின்றது. ஆகவே, ஒரு பழுதின் பின் மற்றொரு பழுது வரும்போதெல்லாம் அது திருத்தியவரின் வஞ்சகம் என்றோ, கண்ணூறு என்றோ எண்ணவேண்டியதில்லை. ஒரே காலத்தில் பிறந்த பாகங்கள் ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன.

நம்மவர்களுக்குப் பழைய இயந்திரங்களோடு வாழத் தெரியாததல்ல. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை அக்கார்களே. அந்தப் பொறுமைக்கும் கைத்திறனுக்கும் நாம் தலைவணங்குகின்றோம். ஆனால், அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று வேறு வழி இருந்தும், விட மனமில்லாமலே பலர் செலவிட்டுக்கொண்டிருக்கின்றார்கள். முன்னது விடாமுயற்சி, பின்னதற்குப் பற்று என்று பெயர். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதற்குத்தான் ஆண்டவர் நம்மை உட்காரச் சொல்கின்றார்.

எனவே, ஓர் இரவு குடும்பச் செபம் முடிந்தபின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் ஒரு கொப்பியோடு அமருங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் அந்தக் காருக்காகச் செலவிட்டதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, திருத்தவேலைகளுக்கு மட்டும் 360,000 ரூபா சென்றிருந்தால், அது மாதமொன்றுக்கு 30,000 ரூபா. காப்புறுதி, வாகன வரி, எரிபொருள், லீசிங் தவணை என்பன அதற்குப் புறம்பானவை. உண்மையில் எத்தனை நாட்கள் அது உங்களைச் சுமந்தது, எத்தனை நாட்கள் கராஜில் நின்றது என்பதையும் எழுதுங்கள். அதே பயணங்களை பஸ்ஸிலும், அவசரத்துக்கு முச்சக்கர வண்டியிலும் செய்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்பதை அருகில் எழுதுங்கள். இனி வரவிருக்கும் பெரிய வேலைகள் எவை என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அத்தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இக்கணக்கில் ஒரு வசனம் மட்டும் இடம்பெறக்கூடாது: “இவ்வளவு கொட்டிவிட்டோம், இனி எப்படி விடுவது?” கொட்டிய பணம் போனதுதான். நீங்கள் காரை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது. இனிச் செலவிடப்போகும் பணம் குடும்பத்திற்கு என்ன பயன் தரும் என்பது ஒன்றே கேள்வி. கணக்குப் பார்த்தபின் வைத்திருப்பதே நன்று என்று தெரிந்தால், மனக்கசப்பின்றி வைத்திருங்கள். மாதந்தோறும் ஒரு தொகையை அதற்கென ஒதுக்கி வையுங்கள். எண்ணெயையும் நீரையும் உரிய காலத்தில் பாருங்கள். கட்டாது என்று தெரிந்தால், அதே நற்செய்திப் பகுதியின் இரண்டாவது உவமையை வாசியுங்கள். தன் படை போதாதென்று கண்ட அரசன் தூதனுப்பிச் சமாதானம் பேசுகின்றான். இயேசு அவனைக் கோழை என்று கூறவில்லை. பின்வாங்குவதும் சிலவேளை ஞானமே.

கணக்கு ஒருபுறமிருக்க, எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக்கூடாத செலவும் உண்டு. புதுவீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் அமைக்கவேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்டம் எச்சரிக்கின்றது (இணை. 22:8). இன்று அந்தக் கைப்பிடிச் சுவர் நமது பிரேக்கும் டயரும் ஆகும். குளிரூட்டி வேலை செய்யாவிட்டால் வியர்க்கும், அவ்வளவே. பிரேக் தேய்ந்த காரை “அடுத்த சம்பளத்தோடு பார்ப்போம்” என்று வீதியில் இறக்குவது ஐந்தாம் கட்டளையோடு விளையாடுவதாகும். 2007 ஜூனில் வத்திக்கான் வெளியிட்ட வீதிப் பயணிகளுக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டியில், வாகனம் ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகள் இடம்பெற்றன. அவற்றுள் முதலாவதும் கொலை செய்யாதே என்பதே.

நமது வாகனங்களைக் குருவானவரிடம் கொண்டுசென்று ஆசீர்வதிக்கின்றோம். மடுத்திருப்பதிக்குப் புறப்படுமுன் தீர்த்தம் தெளிக்கின்றோம். 1984இல் வெளியான திருச்சபையின் ஆசீர்வாத நூலில் போக்குவரத்துச் சாதனங்களுக்கென ஒரு சடங்கு உண்டு. அதிலே பயணிப்போரின் பாதுகாப்புக்காகவும் ஓட்டுநரின் பொறுப்புணர்வுக்காகவுமே மன்றாடுகின்றோம். கண்ணாடியில் தொங்கும் செபமாலையும் புனித கிறிஸ்தோப்பரின் படமும் தேய்ந்த டயருக்கு ஈடாகமாட்டா.

திருத்துபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கராஜில் கறுத்த கைகளோடு நிற்பவரின் கூலியை இழுத்தடிப்பது யாக்கோபு கண்டிக்கும் பாவம் (யாக். 5:4). மறுபுறம், அரைகுறையாக வேலை செய்வதும், பிறரின் அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதும் ஏழாம் கட்டளைக்கு எதிரானவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகின்றது (எண் 2409). இப்பத்தியை வாசிக்கும் மெக்கானிக் சகோதரர்களே, கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டுங்கள். “இதற்கு இனிச் செலவழிக்காதீர்கள்” என்று கூறவேண்டிய இடத்தில் துணிந்து கூறுங்கள். ஒரு வேலையின் வருமானத்தை நீங்கள் இழக்கலாம். ஒரு குடும்பத்தின் நகை அடகுக்கடைக்குப் போகாமல் தடுத்திருப்பீர்கள்.

இனி, இவை அனைத்திலும் கடினமான இடத்துக்கு வருகின்றோம். விற்பது என்று முடிவாகிவிட்டது. வாங்க ஒருவர் வருகின்றார். எஞ்சின் சூடானால் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காலையில் குளிர்ந்த நேரத்தில் காட்டினால் அழகாக ஓடும். சொல்லிவிட்டால் விலையில் இலட்சக்கணக்கில் குறையும். “எனக்கு யாரும் சொன்னார்களா? நானும் ஏமாந்துதானே வாங்கினேன்?” என்று மனம் வாதாடும். விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையே பாவம் எவ்வாறு முளையடித்தாற்போல் இறுகிக்கொள்கிறது என்பதைச் சீராக் ஞானி அறிந்திருந்தார் (சீராக் 27:2).

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியைத் தம் இறையியல் பெருநூலில் ஆராய்ந்துள்ளார். அக்காலத்தில் கார் இல்லை, குதிரை இருந்தது. நொண்டிக் குதிரையை வேகமாக ஓடும் குதிரையென்றும், இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதென்றும் விற்பதை அவர் எடுத்துக்காட்டுகின்றார். கண்ணுக்குத் தெரிகின்ற குறையை, உதாரணமாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லாததை, விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால் வாய்திறந்து சொல்லவேண்டிய கடமை இல்லை. ஆனால், வாங்குபவருக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கக்கூடிய மறைந்த குறையை விற்பவர் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்பது அவரது முடிவு. காரின் கீறல் எவருக்கும் தெரியும். எஞ்சினின் நோயும், குறைத்து வைக்கப்பட்ட மீற்றரும் தெரியா. பார்வையற்றவரின் வழியில் தடைக்கல்லை வைக்கலாகாது என்ற பழைய சட்டம் (லேவி. 19:14), அறியாதவருக்குப் பழுதை மறைத்து விற்பவருக்கும் பொருந்தும்.

வாங்க வந்து நிற்பவர் யார் என்று சற்று எண்ணிப்பாருங்கள். அவரும் ஒரு தாயைக் கிளினிக்கிற்குக் கொண்டுசெல்ல விரும்புபவர். சீட்டெடுத்த பணத்தையும் வெளிநாட்டுச் சகோதரன் அனுப்பிய பணத்தையும் சேர்த்துக்கொண்டு வந்திருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்களோ, அதே இடத்தில் இன்று அவர் நிற்கின்றார். உங்கள் வீட்டில் வடிந்த கண்ணீரை இரண்டாவது வீட்டிற்கு விலைக்கு விற்கப்போகின்றீர்களா, அல்லது அது உங்களோடு முடியட்டும் என்று விடப்போகின்றீர்களா? உண்மையைச் சொல்வதால் வரும் நட்டம் உண்மையான நட்டமே. அதைச் சிறிதென்று கூறமாட்டோம். ஒருவேளை பிள்ளையின் மேற்படிப்புக்கு வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியாகவும் அது இருக்கலாம். கோபுரத்தின் உவமையை முடிக்கையில், தம் உடைமையை விட்டுவிடாதவர் தமக்குச் சீடராக முடியாது என்று ஆண்டவர் கூறியதன் பொருள் (லூக்கா 14:33), நம்மில் சிலருக்கு அந்தத் தொகையாகவே இருக்கக்கூடும். வாங்குபவரும் தம் பங்குக்கு, நல்லதை மட்டமென்று பேசி விலை குறைத்துவிட்டு, அப்பால் சென்று பெருமைப்படும் மனிதராக ஆகாதிருப்பாராக (நீதி. 20:14).

கார் இல்லாத வீடாகிவிட்டோமே என்று வெட்கப்படுவோரும் உண்டு. எருசலேமுக்குள் அரசராக நுழைந்த நம் ஆண்டவர், இரவல் கழுதைக் குட்டியின்மீதே அமர்ந்து சென்றார். அதைத் திருப்பி அனுப்புவதாகவும் சொல்லி அனுப்பினார் (மாற்கு 11:3). ஓடக்கூடிய காரை உடையவர்களே, உங்கள் பின்னாசனம் வெறுமையாக இருக்கும் ஞாயிறுகளில், அயலிலுள்ள வயோதிபர் ஒருவரைத் திருப்பலிக்கு ஏற்றிச் செல்லுங்கள். வாகனம் தன் நோக்கத்தை நிறைவேற்றுவது அப்போதுதான்.

வாகனம் குடும்பத்திற்குப் பணிசெய்யவே வாங்கப்பட்டது. குடும்பம் வாகனத்திற்குப் பணிசெய்யத் தொடங்கிவிட்டது என்று கண்டால், ஒருவரையொருவர் குறைகூறாது அமருங்கள். “நீங்கள்தானே வாங்கினீர்கள்” என்ற சொல்லை அந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். எஞ்சினைத் திருத்த ஆள் உண்டு. அந்தச் சொல்லால் உடைந்த மனத்தைத் திருத்துவது எளிதன்று.

செபிப்போம்: எங்கள் பயணங்களின் துணைவரான ஆண்டவரே, எங்கள் வரவையும் செலவையும் உமது திருமுன் வைக்கின்றோம். எதைத் தாங்கவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்று அறியும் ஞானத்தைத் தாரும். நட்டத்திலும் உண்மை பேசும் துணிவைத் தாரும். வீதியில் செல்வோர் அனைவரையும் காத்து, எங்கள் இல்லங்களில் உமது அமைதியை நிலைபெறச் செய்யும். ஆமென்.