வெள்ளத் தகவல் பேரப் பொருளல்ல

மாண்புமிகு இந்திய வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2024 அக்டோபரில் கசானில் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துப் பேசியபின் இரு நாட்டு உறவு மெல்லச் சீரடைந்து வருகிறது. 2025 கோடையில் கைலாச யாத்திரை மறுபடி தொடங்கியது. அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் கிளம்பியது. இதற்காக உழைத்த அதிகாரிகள் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால், பிரம்மபுத்திராவின் நீர்மட்டத் தகவலைப் பகிரும் ஒப்பந்தம் 2023 ஜூனிலேயே காலாவதியாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லி வந்து சென்றபோதும் அது புதுப்பிக்கப்படவில்லை. அருணாசலத்திலும் அசாமிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

2000 ஏப்ரல் 9 அன்று திபெத்தில், பிரம்மபுத்திராவோடு சேரும் யிகோங் ஆற்றின் மேல் மலை சரிந்து விழுந்தது. ஆறு அடைபட்டு ஏரியானது. இரண்டு மாதம் அந்த ஏரி பெருகிக்கொண்டே போனது. சீன அதிகாரிகள் அங்கே நின்று வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து எவ்வளவு பெரிது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஜூன் 10 அன்று அடைப்பு உடைந்தது. கீழே அருணாசலத்தில், பிரம்மபுத்திரா சியாங் என்ற பெயரில் ஓடும் பள்ளத்தாக்குக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அங்குள்ள ஆதி பழங்குடி மக்கள் கரைக்குக் கரை போய்வந்த தொங்குபாலங்களை வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிற்று. கீழே பாசிகாட் நகரம் வரை சேதம். சுமார் 30 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 50,000 பேர் வீடிழந்தார்கள்.

நீர்மட்டத் தகவலைப் பகிரும் 2002 ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்ததுதான். திபெத்தில் உள்ள நுகேஷா, யாங்சுன், நூசியா ஆகிய மூன்று நிலையங்களின் அளவுகள் வெள்ளக் காலத்தில் இந்தியாவுக்கு வரத் தொடங்கின.

2017இல் எல்லைப் பகுதியான டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றன, தகவல் நின்றுபோயிற்று. நிலையங்களில் சீரமைப்பு வேலை என்றது பெய்ஜிங். வங்கதேசத்துக்கோ தகவல் போய்க்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. அசாம் வெள்ளத்தில் தத்தளித்த ஆண்டு அது.

2018 ஏப்ரலில் வூஹானில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தார்கள். தகவல் திரும்பி வந்தது. அந்த அக்டோபரில், திபெத்தில் சாங்போ எனப்படும் பிரம்மபுத்திராவை மறுபடியும் ஒரு மலைச்சரிவு அடைத்தது. இம்முறை பெய்ஜிங் உடனே சொன்னது. சியாங் கரையில் இருந்தவர்களை எச்சரிக்க நேரம் கிடைத்தது.

அமைச்சர் அவர்களே, இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்? தலைவர்கள் சிரித்தால் எச்சரிக்கை வரும், முறைத்துக்கொண்டால் வராது என்றால், ஆற்றோரத்தில் பிள்ளை குட்டிகளோடு தூங்குகிறவன் எதை நம்பித் தூங்குவான்?

அவசர காலத்தில், மனிதாபிமான அடிப்படையில் தகவல் தருவதாகச் சீனா 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எது அவசரம் என்று யார் முடிவு செய்வது? மேலே இருப்பவர்தானே! அதற்கு முந்தைய மாதம்தான் அதே சாங்போவில் 1.2 லட்சம் கோடி யுவான் செலவில் மாபெரும் நீர்மின் திட்டத்தின் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டுமா அந்த ஒரு வாக்குறுதியோடு திருப்திப்பட்டீர்கள்? விமானத்துக்கும் விசாவுக்கும் வணிகத்துக்கும் காட்டிய அவசரத்தில் பாதியாவது இந்த மனித உயிர்களுக்குக் காட்டக் கூடாதா?

எல்லையில் என்ன நடந்தாலும் நிற்காத ஒப்பந்தம் வேண்டும். அடுத்த மே 15 அன்று வெள்ளக் காலம் தொடங்குவதற்குள் நூசியாவின் அளவு இங்கே வந்து சேர வேண்டும். முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்பதை டெல்லியில் அறிக்கையாக வெளியிடாதீர்கள். பாசிகாட்டுக்கு நேரில் போய், அந்த மக்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.