நூற்றேழும் ஆறும்

கர்நாடகத்தின் சந்தாபுரா சர்க்கிளில், ஆனேக்கல் ரோடு பிரிகிற இடத்தருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் ஷிப்டு பஸ் ஏற நிற்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் நிறைய, பேச்செல்லாம் தமிழ்தான். பக்கத்தில் நின்றவர், நான் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கேட்டார்: “ஏஷியன் கேம்ஸ்ல நூத்தி ஏழு மெடல் அடிச்சோம்னாங்க. அடுத்த வருஷமே ஒலிம்பிக்ஸ்ல ஆறுதான். பத்து மாசத்துல நம்ம ஆளுங்களுக்கு என்னாச்சு சார்?” அவருடைய மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளியில் 400 மீட்டர் ஓடுகிறாளாம். அதனால் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டதால் அவருக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு போட்டிகளும் வேறு வேறு கேள்வித்தாள்கள், அவ்வளவுதான்.

ஆசிய விளையாட்டுப் போட்டி 1951-இல் டெல்லியில் 11 நாடுகளோடு தொடங்கியது. இன்று அதை நடத்தும் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலில் 45 நாடுகள். அந்தக் கவுன்சில் உருவானதும் 1982-இல் டெல்லியில்தான். இந்தப் போட்டியில் ஆசியாவின் சொந்த விளையாட்டுகளுக்கும் இடம் உண்டு. கபடி 1990-இல் பெய்ஜிங்கில் அப்படித்தான் உள்ளே வந்தது. அந்த ஆண்டு இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் கபடியில்தான். இப்படிச் சேர்ந்து சேர்ந்து, 2023-இல் ஹாங்சோவில் மொத்தம் 481 பந்தயங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 329. வினாக்களே நூற்றைம்பது கூடுதல் என்றால் மதிப்பெண்ணும் கூடத்தானே செய்யும்?

ஹாங்சோவின் 107 பதக்கங்களில் தங்கம் 28. அவை எதில் வந்தன என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். துப்பாக்கி சுடுதலில் 7, தடகளத்தில் 6, வில்வித்தையில் 5, கபடி, கிரிக்கெட், ஸ்குவாஷ் ஆகியவற்றில் தலா 2, பாட்மிண்டன், டென்னிஸ், ஹாக்கி, குதிரையேற்றத்தில் தலா ஒன்று. கபடி ஒலிம்பிக்கில் இல்லை. கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் பாரிஸில் இல்லை. வில்வித்தையின் ஐந்து தங்கமும் காம்பவுண்ட் வில்லில் வந்தவை. பாரிஸில் ரீகர்வ் வில் மட்டும்தான். துப்பாக்கி சுடுதலில் ஐந்து தங்கம் அணிப் பிரிவுகளில் கிடைத்தன. ஒரே நாட்டின் மூன்று பேர் தனித்தனியே சுட்டு எடுத்த புள்ளிகளைக் கூட்டிக் கொடுக்கும் பதக்கம் அது. ஒலிம்பிக்கில் அந்த முறை கிடையாது.

கூட்டிப் பாருங்கள்: 28 தங்கத்தில் 16, பாரிஸில் நடத்தப்படவே இல்லாத பந்தயங்களில் வந்தவை. மிச்சம் 12.

வெண்கலக் கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. பாட்மிண்டன், டென்னிஸில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே ஆசியப் போட்டியில் வெண்கலம் உண்டு. ஒலிம்பிக்கில் அந்த இருவரும் மறுபடி மோதி, ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும்.

இனி அந்தப் பன்னிரண்டுக்கு வருவோம். தடகளத்தின் ஆறு தங்கமும் அதற்குள் அடங்கும். ஆண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல் ஆகியோருடன் நம் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷும் ஓடி, 3 நிமிடம் 1.58 விநாடியில் ஹாங்சோ தங்கத்தை வென்றார்கள். அதே நால்வர் பாரிஸில் 3 நிமிடம் 0.58 விநாடியில் ஓடினார்கள். சரியாக ஒரு விநாடி வேகம் கூடியிருக்கிறது. ஆனால் தகுதிச் சுற்றோடு நின்றுவிட்டார்கள், இறுதிக்குப் போகவில்லை. 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் அவினாஷ் சாப்ளேவுக்கும் இதுவே நடந்தது. ஹாங்சோவில் 8 நிமிடம் 19.50 விநாடிக்குத் தங்கம். பாரிஸ் இறுதியில் அதைவிட ஐந்து விநாடி வேகமாக ஓடியும் பதினோராவது இடம். அவர்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள். பக்கத்துத் தடத்தில் ஆசியப் போட்டியில் இல்லாத அமெரிக்காவும் கென்யாவும் எத்தியோப்பியாவும் நின்றன. இதைச் சொல்லாமல் “சொதப்பிவிட்டார்கள்” என்று தலைப்புப் போடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இதை வைத்து ஆசியப் பதக்கம் லேசானது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பாட்மிண்டனைப் பாருங்கள். பாரிஸில் ஆண்கள் இரட்டையர் பதக்கம் மூன்றும் ஆசியாவுக்கே போயின: தைவான், சீனா, மலேசியா. ஹாங்சோவின் அரையிறுதியில் நம் சாத்விக் – சிராக் இணை வென்றது அதே மலேசிய இணையைத்தான். பாரிஸ் காலிறுதியில் அந்த இணை நம்மை வென்று, பிறகு வெண்கலமும் வாங்கியது. வில்வித்தையில் தென் கொரியாவும் டேபிள் டென்னிஸில் சீனாவும் இருக்கும்போது, ஆசியாவில் ஜெயிப்பதும் உலகத்தில் ஜெயிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, எந்த விளையாட்டு என்று கேட்காமல் ஆசியப் பதக்கத்துக்கு எடை போடவே முடியாது.

சரி, எடை போட எதை வைத்துக்கொள்வது? ஓட்டம், தாண்டுதல், எறிதலுக்கு நேரமும் தூரமும்தான் அளவுகோல் என்பது என் எண்ணம். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அவர் ஓடிய நேரம் 55.42 விநாடி. அந்த தேசியச் சாதனையை 39 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. ஹாங்சோ தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐ ஓடி எட்டிப் பிடித்தார், இறுதியில் வெண்கலமும் வாங்கினார். கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற நால்வரிலும் அவர் உண்டு. அந்த நால்வரில் வித்யா, சுபா வெங்கடேசன், ராஜேஷ் ரமேஷ் மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெருமைப்பட நியாயமான காரணம் இது. ஆனால் பாரிஸில் பெண்கள் தடை ஓட்டத் தங்கம் போன நேரம் 50.37. அன்று பதக்கத்தின் விளிம்பில் நின்ற 55.42-லிருந்து உலகம் ஐந்து விநாடி முன்னே போய்விட்டது. நாம் அந்த எண்ணை மறுபடி தொடவே நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது. வித்யாவின் குறையல்ல இது. உஷாவுக்குப் பின் வந்த தலைமுறைகளுக்கு ஓடுதளமும் பயிற்சியாளரும் கொடுக்காத நம் குறை. 107 என்ற எண்ணின் வெளிச்சத்தில் இந்த ஐந்து விநாடி கண்ணில் படாமல் போகிறது. என் கவலை அதுதான்.

அடுத்த ஆசியப் போட்டிக்கு ஜப்பானின் ஐச்சி – நகோயாவில் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை நாள் குறித்திருக்கிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் காம்பவுண்ட் வில்லின் கலப்பு அணிப் பிரிவும் சேர்கின்றன. மேலே போட்ட கணக்கு அப்போது கொஞ்சம் நமக்குச் சாதகமாக மாறும். அந்த மாற்றத்தையும் வளர்ச்சி என்று எண்ணி ஏமாறாமல், பந்தயம் பந்தயமாகப் பாருங்கள்.

சந்தாபுராவுக்குப் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. ஆனேக்கல் தாலுகாவின் சூர்யா நகரில் 80,000 பேர் உட்காரும் கிரிக்கெட் மைதானத்தோடு ஒரு விளையாட்டு வளாகம் கட்ட 2025-இல் கர்நாடக அரசு முடிவெடுத்தது. பார்க்க வருகிறவர்களுக்கு எத்தனை இருக்கை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓட வருகிற பிள்ளைகளுக்கு என்ன என்பதை இந்தப் பகுதி மக்கள் இப்போதே கேட்க வேண்டும். 400 மீட்டர் செயற்கை ஓடுதளம் ஒன்று, காலை ஐந்தரைக்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கிற கதவு, சம்பளத்துக்கு அமர்த்திய பயிற்சியாளர்கள் இருவர். மனுவில் இதை எழுதிக் கொடுங்கள்.

பஸ் ஏறிப் போன அந்தத் தகப்பனாருக்கு: மகள் என்ன மெடல் வாங்கினாள் என்று மட்டும் கேட்காதீர்கள் அண்ணா. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடியில் ஓடினாள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.