நீட்டிய கரம்

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த சகோதரர் இருவர். அவர்களுக்கு இடையே நிற்பது ஒரு வேலி. அவ்வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்தமையால் எழுந்த சொற்போர் முற்றி, இருவரும் முகங்கொடுத்துப் பேசி ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. ஒருவர் வீட்டு நன்மை தீமைகளுக்கு மற்றவர் செல்வதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் இருவரும் ஒரே ஆலயத்தில், வெவ்வேறு வாங்குகளில் அமர்ந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுகின்றனர். பிறரைத் தாம் மன்னிக்கும் அளவே தமக்கும் மன்னிப்புக் கேட்கின்றோம் என்பதை அவ்வேளையில் அவர்கள் எண்ணுவதில்லை.

இத்தகையோரை நாமெல்லோரும் அறிவோம். சில வேளைகளில் அவர்களுள் ஒருவராய் நாமே இருக்கின்றோம். "மன்னிக்கத்தான் வேண்டும், ஆனால் மனம் வரவில்லையே" என்பது நாம் வழக்கமாகக் கூறும் சமாதானம். மனம் வந்த பின்னர்தான் மன்னிக்க முடியுமா? இவ்வினாவை எழுப்புந்தோறும் ஒல்லாந்துப் பெண்மணி ஒருவரின் வரலாறு எமது நினைவுக்கு வருகின்றது.

ஹார்லம் நகரிலே மணிக்கூடு திருத்தும் கடையொன்றை நடத்தி வந்தது ரென் பூம் குடும்பம். முதியவரான தந்தை கஸ்பருடன், மணமாகாத புதல்வியர் பெற்சியும் கொறியும் வாழ்ந்தனர். 1940 ஆம் ஆண்டில் ஜேர்மனியர் ஒல்லாந்தைக் கைப்பற்றி, பின்னர் யூதரை வேட்டையாடத் தொடங்கினர். கிறிஸ்துவிடம் பக்தி மிக்க இக்குடும்பத்தார், அபயந் தேடி வந்த யூதருக்குத் தம் வீட்டில் மறைவிடம் அளித்தனர். தம் நாட்டவன் ஒருவனே காட்டிக் கொடுத்தமையால் 1944 பெப்ரவரி 28 ஆந் திகதி கைதாயினர். 10 நாட்களுள் 84 வயதுத் தந்தை சிறையில் மாண்டார். சகோதரியர் இருவரும் றவென்ஸ்புறுக் என்னும் பெண்கள் வதைமுகாமிலே அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் பெற்சி அங்கே உயிர்நீத்தார். சில நாட்களின் பின் கொறி விடுதலையானார்.

1947 ஆம் ஆண்டில், போரில் தோற்று இடிபாடுகளாய்க் கிடந்த ஜேர்மனிக்கே அவர் சென்றார். மியூனிக் நகர்த் தேவாலயமொன்றில் இறைவனின் மன்னிப்பைக் குறித்துப் பேசினார். கூட்டம் கலைந்ததும் ஒருவன் அவரெதிரே வந்தான். முகாமிலே காவல் புரிந்தவன்! மெலிந்து நலிந்த பெற்சியோடு அவன் முன்னே நாணிக் குறுகி நடந்த காட்சி கொறியின் கண்முன் எழுந்தது. அவனோ அவரை அடையாளங் காணவில்லை. தான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதாகவும், இறைவன் மன்னித்தாரென நம்புவதாகவும், எனினும் அவர் வாயாலும் மன்னிப்பைப் பெற விரும்புவதாகவும் கூறிக் கையை நீட்டினான்.

சற்று முன் மன்னிப்பைப் போதித்தவரால் அக்கையைப் பற்ற இயலவில்லை. நெஞ்சிலே சிறிதும் அன்பு தோன்றவில்லை. கையை உயர்த்துவதொன்றே தம்மால் ஆகக்கூடியது என உணர்ந்து, எஞ்சியதை இறைவனிடம் விட்டு, மரக்கட்டை போன்ற தம் கையை நீட்டினார். கைகள் இணைந்த பின்னரே உள்ளத்தில் அன்பு ஊற்றெடுத்தது என அவர் பின்னாளில் எழுதினார்.

நிகழ்ந்த ஒழுங்கை நோக்குக. முதலிற் கை நீண்டது. அன்பு பின்னர் வந்தது. மன்னிப்பு உணர்ச்சியன்று, அது தீர்மானம்.

அத்துடன் போராட்டம் முடிந்துவிட்டதா? இல்லை. பிற்காலத்தில், நெருங்கிய நண்பர் சிலர் செய்த தீமையை மன்னித்த பின்னரும் அந்நினைவு அவருடைய இரவு உறக்கத்தைக் கெடுத்தது. பகைவரினும் அண்மையில் உள்ளோர் செய்த காயம் ஆற நாட்செல்லும் போலும். அவரைத் தேற்றிய போதகர் ஆலய மணியைச் சுட்டிக் காட்டினார். கயிற்றை விட்ட பின்னும் மணி சில தடவை ஒலித்து, மெல்ல மெல்லத்தான் அடங்கும். மன்னிப்பது கயிற்றைக் கைவிடுவது போன்றது. பழைய நினைவு மீண்டும் ஒலிப்பது கேட்டு மனந்தளர வேண்டுவதில்லை. கயிற்றை மறுபடியும் பற்றி இழுக்காதிருந்தாற் போதும்.

எத்தனை தடவை மன்னிப்பது என வினவிய பேதுருவுக்கு, கணக்கு வைக்க இடமில்லாத விடையை இயேசு அளித்தார். ஒரே தீமையைக்கூட நாள்தோறும் மனத்துள் மீண்டும் மன்னிக்க வேண்டியிருப்பதால் அவ்விடை எமக்கு மிகவும் தேவைப்படுகின்றது.

மன்னித்தலாவது தீமையைத் தீமையன்றெனச் சாதிப்பதன்று. பெற்சியின் மரணம் என்றும் கொடுமையே. வேலிப் பிணக்கும் நியாயப்படி தீர்க்கப்படட்டும். நாம் கைவிட வேண்டியது பழிவாங்கும் எண்ணத்தையே.

அடுத்த ஞாயிறு அந்த வாங்கைக் கடந்து செல்லும்பொழுது, மனம் இளகும்வரை காத்திராமல் ஒரு சொல் பேசிப் பார்ப்போம். மணியோசை அடங்க நாளாகலாம். கயிற்றை விடுவதற்கு நாட்பார்க்க வேண்டுவதில்லை.